ராமுவான் அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் ஒரே தப்பைச் செய்வார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பெயர் ராமு என்று நினைத்துக்கொள்வார்கள். கோயிலுக்குப் புதிதாக வந்த குருக்கள் ஒருபடி மேலே போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டிய அக்காவிடம் அவர் பெயர் கேட்க, பின்னால் நின்ற யாரோ "ராமுவான் அக்கா, சாமி" என்று எடுத்துக்கொடுக்க, குடும்பத் தலைவர் ராமு என்று வைத்துக்கொண்டு, அந்த ராமுவுக்கு ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம் எல்லாம் வேண்டி மணியடித்து முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் மெல்லக் குனிந்து, "யாருடி அந்த ராமு?" என்று கேட்டார். அன்றைக்கு அம்மனே சிரித்திருப்பாள்.

ராமு என்று யாரும் கிடையாது. இந்த நாட்டில் பிஸ்கட் பொட்டலம், தலைவலித் தைலம், துணி சோப்பு, எதை எடுத்தாலும் பின்பக்கத்தில் மலாய் மொழியில் 'ராமுவான்' என்று போட்டு, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும். நாமெல்லாம் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்குகிற ஜாதி. அக்கா பொட்டலத்தைக் கையில் எடுத்த உடனே திருப்புவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எறும்பு சைசில் இருக்கிற எழுத்தை வரி வரியாகப் படிப்பார். எழுதியிருக்காத பொருளாக இருந்தால் கொடுத்தவரைக் கேட்பார்: "இது எதுல செஞ்சது?"

கல்யாணப் பந்தியில் கேட்பார். கோயில் பிரசாதத்தில் கேட்பார். நான் தவணையில் வாங்கிய சோபாவைத் தட்டிப் பார்த்து, "மேல தோல்னு சொன்னான்ல? உள்ள என்னா?" என்று கேட்டு, எனக்கு அதன்மேல் இருந்த ஆசையைப் பாதியாகக் குறைத்தவர் அவர்தான். அவருடைய நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், 'எம்பேர எதுக்குப் போட்ட, எங்க போட்ட, கூட வேற என்னா போட்ட?' என்று மூன்று கேள்வி வரும்.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன், அங்கே ஒரே பெண் கிராணி. லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீடு அக்காவுடையது. நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ கிராணி" என்பார். அதில் மரியாதை கொஞ்சம், கிண்டல் நிறைய.

அக்கா முதலில் வேலை பார்த்தது தோட்டத்து டீக்கடையில். வெளியூர்க்காரர்கள் வந்து, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி டீ குடித்து, கேக் தின்று, படம் பிடித்துக்கொண்டு போகிற கண்ணாடிக் கடை அது. ஒருநாள் ஒரு குடும்பம், "இந்த சீஸ் கேக் நல்லா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறது. அக்கா ரொம்ப அன்பாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கும். ஆனா இத நிக்க வைக்கிறது ஜெலட்டின். எந்த மிருகத்து எலும்புன்னு டப்பால போடல. நானும் மூணு தடவ போன் போட்டுக் கேட்டுட்டேன், அவங்களுக்கே தெரியல லா." அந்தக் குடும்பம் வெறும் டீயோடு எழுந்து போனது. அந்த வாரம் முழுக்க கேக் அலமாரியில் கேக் நிறைந்தே இருந்தது.

மேனேஜர், நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்வோம், அக்காவைத் தூள் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார். தேயிலையில் தேயிலையைத் தவிர வேறொன்றும் கிடையாது, இனி இந்த அம்மாவால் வம்பு வராது என்பது அவர் நினைப்பு. அவர் போதாத காலம், அடுத்த மாதமே தோட்டம் ஸ்ட்ராபெர்ரி டீ விடத் தொடங்கியது. துரை சுற்றிப் பார்க்க வந்தபோது அக்கா கையைத் தூக்கினார்.

"தொரை, இதுல ஸ்ட்ராபெர்ரி எங்க?"

"வாசனை இருக்குல்ல?"

"வாசனை எதுல செஞ்சது?"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக எங்கோ போகவேண்டும் என்று போய்விட்டார்.

இவ்வளவும் கேட்கிறவர் ஏதோ வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்கா கேட்க மறந்தார். தானா ராத்தா பஸ் நிலையத்துப் பக்கத்தில், பசி மயக்கத்தில், ஒரு கடையில் மீ சூப், அதாவது நூடுல்ஸ் சூப், வாங்கிப் பாதி குடித்துவிட்டார். பிறகுதான் கேட்டார். "லெம்பு" என்றார் கடைக்காரர். லெம்பு என்றால் மாடு. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். கடைக்காரர் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருவேளைச் சைவச் சாப்பாட்டோடு கிடந்தார். யாரிடமும் புலம்பவில்லை. நான் கேட்டதற்கு, "நான்தான கேக்காம குடிச்சேன்" என்றார்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து அவருக்கு இடது மாரில் கட்டி வந்தது.

மலையில் பார்த்த டாக்டர் உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். காரை நாங்கள் காடி என்போம். என் காடியில்தான் போனோம், கோலா தெர்லா வழியாக, காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து. புற்றுநோய் என்றார்கள். மாரை எடுக்கவேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் அழுதார், நான் அழுதேன். அக்கா டாக்டரைப் பார்த்து, "எடுக்குறத எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். படம் எடுத்துக் காட்டினார்கள். பிறகு பரிசோதனை அறிக்கை வந்தபோது, அதையும் வரி வரியாகப் படித்து, புரியாத வார்த்தைக்கெல்லாம் கோடு போட்டுக் கொண்டுவந்தார். கேன்சருக்கே ராமுவான் கேட்ட ஆள் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

மருந்து ஏற்றும்போதும் அப்படித்தான். ஒரு மருந்து ஏதோ மரத்துப் பட்டையிலிருந்து வந்தது என்று நர்ஸ் சொன்னாள். "மரந்தான? ஏத்துங்க" என்று கையை நீட்டிவிட்டு, முடியெல்லாம் கொட்டிப் போனதும் நாலு மாதம் அந்த மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, சட்டையின் ஒரு பக்கம் நிறைந்தும் ஒரு பக்கம் வெறுமையாகவும் இருந்தது. உள்ளே வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் துணி போர்த்திய ஒரு மெத்தை கொடுத்திருந்தார்கள். வேறு யாராவது என்றால் வைத்துக்கொண்டிருப்பார்கள். அக்கா கத்திரிக்கோலால் அதைக் கீறி, உள்ளே என்ன என்று பார்த்துவிட்டார். "வெறும் பஞ்சு கிராணி. இதுக்கா இவ்ளோ பவுசு?" கீறியதை அதன்பின் வைக்க முடியாது அல்லவா? தானே செய்துகொள்ளத் தொடங்கினார். தான் செய்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

முதலில் பருத்திப் பஞ்சு. அதற்குக் கனம் இல்லை. குனிந்து நிமிர்ந்தால் ஏறி ஏறித் தோள்பட்டைக்கு வந்துவிடும். அடுத்தது பச்சைப்பயறு. பொட்டலம் கட்டுகிற இடத்துத் தராசில் நிறுத்து, மற்ற பக்கத்துக்குச் சரியாகத் தைத்தார். மற்ற பக்கத்தை எப்படி நிறுத்தார் என்று நான் கேட்கவில்லை. பயறு நல்ல பாந்தமாகத்தான் இருந்தது. ஒருநாள் மறந்து அதையும் துணியோடு துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். எங்கள் மலையின் தூறல் மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் போய் எடுத்தால் முளை விட்டிருந்தது. "ஏ கிராணி, இங்க வந்து பாரு, எனக்கு வளருது!" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து போட்ட சத்தத்தில் லயமே ஓடிவந்தது.

கடைசியாகத் தேயிலை. தூள் இல்லை, இலைத் தேயிலை. மெத்தென்று இருக்கும், வாசமாகவும் இருக்கும் என்றார். உண்மைதான், பக்கத்தில் போனாலே கொதிக்கிற பானையைத் திறந்த மாதிரி வாசம் வரும். தொழிலாளர் கூட்டம் திடலில் நடந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. துரை பேசிக்கொண்டிருந்தார், முன்வரிசையில் அக்கா. வெள்ளைச் சட்டையின் இடது பக்கம் பழுப்பு நிறம் மெல்லப் பரவி இறங்கியது. ரத்தமோ என்று பதறிய துரை பேச்சை நிறுத்திவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்ல தொரை. நம்ம தோட்டத்துத் தேயிலைதான். நல்லா சாயம் எறங்குது" என்றார் அக்கா. துரை அதன்பின் வானத்தைப் பார்த்தபடியே மீதிப் பேச்சைப் பேசினார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற அக்கா, சிரிக்காமல் ஒன்றே ஒன்று சொன்னார். அன்றைக்குச் சட்டையை ஊறப்போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"குளிக்கிறப்ப நான் குனிஞ்சு பாக்குறதே இல்ல கிராணி. செவுத்தப் பாத்துத்தான் குளிக்கிறேன். ஒரு வருசமா. அந்தச் செவுத்துல எத்தன ஓட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்கோ சட்டைக்கோ அழகுக்கோ இல்லை, தன்னைத் தான் குனிந்து பார்க்கவேண்டும் என்பதற்காக அவருக்கு அந்த மார் வேண்டியிருந்தது.

அதனால்தான் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, மாரைத் திரும்ப அமைக்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேட்டதும் நான் அக்காவை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காரவைத்தேன். மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையானவர். அக்காவை 'புவான்', அதாவது அம்மா, என்றே கூப்பிட்டார். மேசைமேல் மாதிரிப் பொருட்களைப் பரப்பினார். அக்காவுக்குக் கண் விரிந்தது, திருவிழாக் கடைக்கு வந்த மாதிரி. சிலிக்கான் உருண்டையை அமுக்கினார், தூக்கிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம ஊரு குளுருக்கு இது சில்லுனு ஆயிடுமே" என்றார். கொஞ்சம் ஆகும், உடம்புச் சூட்டில் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

பிறகு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினார். தாள் என்றால் தாள் இல்லை, மெல்லிய தோல் மாதிரி ஒன்று. உருண்டை கீழே இறங்கிவிடாமல் இதை அடியில் வைத்துத் தைப்போம், குழந்தையைத் தூளியில் போடுகிற மாதிரி என்றார். அக்கா வாய் திறப்பதற்குள் டாக்டரே முந்திக்கொண்டு, "கவலைப்படாதீங்க, இது பன்னி இல்ல" என்றார். முஸ்லிம்கள் நிறைந்த இந்த நாட்டில் எதைக் கொடுக்கிறவரும் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான். அதைச் சொல்லிவிட்டால் எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பு. அதற்குள் அவருக்கு வார்டிலிருந்து போன் வந்தது, பேச வெளியே போனார்.

"பன்னி இல்ல. சரி. அப்ப என்னா?" அக்கா என்னைப் பார்த்தார்.

என் கையில் ஆங்கிலத் துண்டறிக்கை இருந்தது. படித்துவிட்டேன். கன்றுக்குட்டித் தோல். செல்லெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்தது. எனக்கு உடனே அந்த மீ சூப்பும் நாற்பத்தெட்டு நாளும்தான் ஞாபகம் வந்தன. மாடு என்று சொன்னால் எழுந்து போய்விடுவார், மறுபடி பச்சைப்பயறு, மறுபடி குளியலறைச் சுவர். அந்த டாக்டர் இந்த ஆபரேஷனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நாள் கொடுப்பார்.

"பிளாஸ்டிக் அக்கா" என்றேன். "பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் கிராணி வேலையே பாதி அதுதான். ஆனால் இது ஒரு நொடியில் வாயில் வந்த பொய், அதுவும் யாரிடம் என்றால் ராமுவான் அக்காவிடம்.

அக்கா திருப்தியாகத் தலையாட்டினார். தேதி குறித்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தண்டனை ஆரம்பித்தது. அக்கா போகிற இடமெல்லாம் தன் புது மாரின் ராமுவானை ஒப்பித்தார். பொட்டலம் கட்டும் இடத்தில் சொன்னார், கோயிலில் சொன்னார், ரொட்டி வேன் வந்தால் ரொட்டிக்காரரிடமும் சொன்னார். "உள்ள ஒரு சிலிக்கான் உருண்ட, அதுக்கு அடியில பிளாஸ்டிக் தூளி." ஒவ்வொரு தடவையும், "கிராணி படிச்சுச் சொன்னா" என்று முடிப்பார். நான் அந்த மூன்று மாதமும் காதைப் பொத்திக்கொண்டுதான் திரிந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் சர்க்கரை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் சம்மதத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மலாயில் நாலு பக்கம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கம் முதல் வரியில் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. அந்த வரியை அவர் திரும்பவும் ஒரு தடவை படித்தார்.

"லெம்புன்னா என்னான்னு உனக்குத் தெரியாதா கிராணி?"

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்து நர்சிடம் கொடுத்தார். "இன்னைக்கு வேணாம்மா. நான் வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

மலை ஏறுகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன், நாள் போய்விடுமே என்று பயந்தேன் என்றேன், மாடு என்றால் நீங்கள் வேண்டாம் என்பீர்களே என்றேன். லயத்துக்கு வந்து இறங்கும்போது ஒரே ஒரு பதில் சொன்னார்.

"நான் வேணாம்னு சொல்லவா கேக்குறேன்? தெரிஞ்சுக்கத்தான கேக்குறேன். வேணும் வேணாம்னு நான் சொல்லிக்க மாட்டேனா?"

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா வீடு வீடாகப் போனார். யாருக்கெல்லாம் பிளாஸ்டிக் என்று சொன்னாரோ அவர்கள் எல்லாரிடமும். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் மானம் இன்றோடு போச்சு என்றுதான் நினைத்தேன். "நான் சொன்னது தப்பு. பிளாஸ்டிக் இல்லையாம், கன்னுக்குட்டித் தோலாம். எனக்குத்தான் சரியா வெளங்கல" என்றார் முதல் வீட்டில். இரண்டாம் வீட்டிலும் அதையே சொன்னார். என் பெயரை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. அக்கா ராமுவானில் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருநாள்தான், அதுவும் எனக்காக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசாமல் இருந்தாரா என்றால் இல்லை. பேசினார், சிரித்தார், மழை வந்தால் என் துணியையும் எடுத்து வைத்தார். ஆனால் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். சேமியாப் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். புது மாவில் இடியப்பம் கொடுத்தேன், சாப்பிட்டார். எதில் செய்தது என்று கேட்கவே இல்லை. உலகத்தில் எல்லாரும் அவர் கேட்கிறாரே என்று அலுத்துக்கொள்வார்கள். அவர் கேட்கவில்லையே என்று வீட்டுக்குள் உட்கார்ந்து அழுத ஒரே ஆள் நான்தான். என் பதிலுக்கு இனி மதிப்பில்லை, பிறகு எதற்குக் கேட்பது?

இரண்டு மாதம் போனது. கோயில் திருவிழா வந்தது. உறுமி மேளத்துக்குத் திரிங்காப்பிலிருந்து வருகிற குழுதான் வழக்கம். அதன் தலைவர் மற்ற நாளில் காய்கறி லாரி ஓட்டுகிறவர், ஆஜானுபாகுவான ஆள். மழைக்கு ஒதுங்கிக் கொட்டகையில் நின்றபோது அக்கா அவருடைய மேளங்களைப் பார்த்துவிட்டார். ஒன்று பளபளவென்று புதுசு, மற்றது கறுத்துப் போன பழசு. கேட்காமல் இருக்க முடியுமா?

"இது எதுல செஞ்சது?"

"புதுசு பிளாஸ்டிக் அக்கா. மழ தாங்கும், ஒண்ணும் பண்ண வேணாம் லா."

"அது?"

"அது எங்கப்பா வச்சிருந்தது. கன்னுக்குட்டித் தோலு. நம்ம ஊரு ஈரத்துக்குத் தொய்ஞ்சு போயிடும். நெருப்புல காட்டிக் காட்டித்தான் அடிக்கணும்."

"இவ்ளோ தொல்லையா? அப்புறம் ஏன் தூக்கிட்டு வர்றீங்க?"

அவர் பழையதை மடியில் வைத்துத் தடவினார். "பிளாஸ்டிக்க அடிச்சா சத்தம் வரும் அக்கா. சாமி வராது."

அக்காவுக்கு வருடாவருடம் அருள் வருவது அந்த மேளத்துக்குத்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இத்தன வருசமா நான் மாட்டுத்தோலுக்குத்தான் ஆடியிருக்கேனா?" என்றார். "ஆமாக்கா" என்றார் லாரிக்காரர், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வாரம் டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் பலகைத் தடுப்பு வழியாக எனக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வதுதான் நியாயம். அக்காவின் முதல் கேள்வி, "டாக்டர், நாங்க இருக்குற எடம் ஒரே மழ, ஈரம். அந்தத் தோலு தொய்ஞ்சு போவுமா?" டாக்டருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. போகாது என்று சிரித்தார். கொஞ்ச மாதத்தில் உங்கள் உடம்பே அதற்குள் ரத்தக்குழாய் விட்டு, சதை வளர்த்து, அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"அப்ப அந்தக் கன்னுக்குட்டி?"

"அது நீங்களா ஆயிடும், புவான்" என்றார் டாக்டர்.

"அப்பன்னா சரி. அதுக்காக நான் ஒரு மண்டலம் இருந்துட்டு வர்றேன்."

ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டர் பதறியதும், பருப்பும் பாலுமாக மூன்று வேளையும் சாப்பிடுகிற மண்டலமாக அதை மாற்றிப் பேரம் முடித்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இப்போது நான் மலையை விட்டு இறங்கி, கீழே வேறு ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அக்கா அங்கேயேதான் பொட்டலம் கட்டுகிறார். குளிர்காலையில் இடது பக்கம் சில்லென்று இருக்கிறது என்று டாக்டரிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். குளியலறைச் சுவருக்குப் புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள், என்ன நிறம் என்று போனில் கேட்டேன். "யாருக்குத் தெரியும், நான் எங்க அதப் பாக்குறேன்?" என்றார். அந்தப் பதிலுக்காகவே நான் அதைக் கேட்டேன்.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு முதலில் கண்முன் வருவது, இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்தக் காலைதான். முதல்நாள் மாலை என் வாசலில் வந்து நின்று, "நாளைக்குக் காடி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதே வார்டு, அதே நர்ஸ், அதே நாலு பக்கத் தாள். போன தடவை நடந்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கவேண்டும். "தமிழ்ல படிச்சுச் சொல்ல ஆள் யாரையாவது கூப்பிடவா?" என்று மலாயில் கேட்டாள். அக்காவுக்கு மலாய் என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரியும்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டுக்குள் வைத்தார். கூட்டைப் பைக்குள் வைத்துப் பையை மூடினார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஆள் இருக்கு. நீ படி கிராணி."

படித்தேன். முதல் பக்கம் முதல் வரியிலிருந்து. என்னென்ன வைப்பார்கள், என்னென்ன தப்பாகப் போகலாம், எதெதற்கு யாரும் பொறுப்பில்லை, எல்லாம். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. நிறுத்தினால் அவர் என்னைப் பார்ப்பார் என்று நிறுத்தாமல் படித்தேன். "கன்னுக்குட்டித் தோலு" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியைக்கூட விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி, எதற்கு இந்தப் பெண் அழுதுகொண்டே படிக்கிறாள் என்று நர்சிடம் கேட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்கா."

"எங்க போடணும்?"

விரல் வைத்துக் காட்டினேன். தாளைப் பார்க்காமலே, நான் காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார்.